லேசர் கண் சிகிச்சை: பரிசோதனை நாள் முதல் கண் தேறும் வரை

கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்ற ஆசையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆபரேஷன் அறையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அங்கே ஆகும் நேரம் பொதுவாக அரை மணிக்குள்தான். உங்கள் கண் இந்தச் சிகிச்சைக்கு ஏற்றதா, எந்த முறை சரி, எவ்வளவு திசுவை எடுக்கலாம் என்பதெல்லாம் அதற்குச் சில நாள் முன்னால், பரிசோதனை அறையில் அளந்து எடுத்த சில எண்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே இந்தக் கட்டுரை பரிசோதனையைப் பற்றி அதிகமாகவும், ஆபரேஷனைப் பற்றி அளவாகவும் பேசும்.

லேசர் எதைத் தொடுகிறது

கண்ணின் முன்பக்கம் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் தெளிவாகக் கவிந்திருப்பது கருவிழி, அதாவது கார்னியா. நடுப்பகுதியில் அதன் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கிட்டப்பார்வை உள்ள கண்ணில் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. கருவிழியின் நடுவைச் சற்றே தட்டையாக்கினால் குவியும் இடம் பின்னால் நகர்ந்து விழித்திரைமேல் விழும். லேசர் செய்வது இவ்வளவுதான். கண்ணின் நீளம் மாறுவதில்லை. மைனஸ் 8 இருந்தவரின் விழித்திரை, கண்ணாடி போன பிறகும் மைனஸ் 8 விழித்திரையாகவேதான் இருக்கும். அதில் ஓட்டை விழும் வாய்ப்பும் அப்படியே இருக்கும். பலர் இதைப் புரிந்துகொள்ளாமல், பார்வை தெளிந்ததும் வருடாந்திரக் கண் பரிசோதனையை விட்டுவிடுகிறார்கள்.

யார் இப்போது செய்யக் கூடாது

18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், கடைசி ஒரு வருடத்தில் பவர் 0.5 டயாப்டருக்கு மேல் மாறியிருக்கக் கூடாது (டயாப்டர் என்பது கண்ணாடிச் சீட்டில் இருக்கும் பவரின் அலகு). 19 வயதில் வருடா வருடம் ஏறிக்கொண்டிருக்கும் பவருக்கு லேசர் செய்தால், செய்த பிறகும் அது ஏறும். இரண்டு வருடத்தில் மறுபடி கண்ணாடிதான். கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டோம் என்பதற்காக இதில் அவசரப்பட வேண்டாம்.

கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் காத்திருக்க வேண்டும். ஹார்மோன் மாற்றத்தால் பவரும் கண்ணின் ஈரமும் அப்போது நிலையாக இருக்காது. கட்டுக்குள் வராத சர்க்கரை, முடக்குவாதம், கண்ணும் வாயும் வறளும் ஷோகிரன் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், கண்ணில் ஹெர்பிஸ் புண் வந்த வரலாறு, முகப்பருவுக்காகச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, இவற்றில் எது இருந்தாலும் டாக்டர் கேட்கும் முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள். வீட்டில் யாருக்காவது கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி கூம்பிப் போகும் நோய், இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சிலிண்டர் பவர் அடிக்கடி மாறுவதும், கண்ணை எப்போதும் கசக்கிக்கொண்டே இருப்பதும் அந்த நோய்க்கான சந்தேகத்தைக் கிளப்பும் அறிகுறிகள்.

பரிசோதனைக்கு முன் லென்ஸை நிறுத்துங்கள்

கான்டாக்ட் லென்ஸ் கருவிழியை அழுத்தி அதன் வடிவத்தை லேசாக மாற்றிவிடுகிறது. இரவில் தலையணையில் பதிந்த கன்னம் காலையில் கோடு கோடாக இருப்பதுபோல. கன்னம் சில நிமிடத்தில் சரியாகிவிடும். கருவிழிக்கு வாரக்கணக்கில் ஆகும். சாதா மென்லென்ஸை 1 முதல் 2 வாரம், சிலிண்டர் பவருக்கான டோரிக் லென்ஸை 2 வாரம், கடினமான ஆர்ஜிபி லென்ஸைக் குறைந்தது 3 முதல் 4 வாரம் நிறுத்திய பிறகே அளவெடுக்க வேண்டும். "நேற்று ஒரு விசேஷம், ஒரு நாள்தான் போட்டேன்" என்பதை மறைக்காதீர்கள். தப்பான வடிவத்தை அளந்தால் லேசரும் தப்பான வடிவத்துக்கே செதுக்கும்.

பரிசோதனை நாள்

அரை நாளை ஒதுக்கிவையுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். கண்ணில் மருந்து விட்டு விரித்த பிறகு சில மணி நேரம் கிட்டத்தில் இருப்பது தெரியாது, வெயில் கூசும், வண்டி ஓட்டக் கூடாது. பழைய கண்ணாடிச் சீட்டுகள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனையும் கொண்டுபோங்கள். பவர் நிலையாக இருக்கிறதா என்பதற்கு அவைதான் சாட்சி.

அன்றைக்கு நடப்பவை: பவர் இரண்டு முறை பார்ப்பார்கள், மருந்து விடும் முன் ஒரு தடவை, விட்ட பின் ஒரு தடவை. இளம் வயதினர் தங்களை அறியாமலே கண்ணைக் குவித்து மைனஸைக் கூட்டிக் காட்டிவிடுவார்கள். இரண்டாவது பரிசோதனை அதைப் பிடித்துவிடும். பிறகு கருவிழியை வரைபடமெடுக்கும் கருவி. தாடையை வைத்து, உள்ளே தெரியும் வெளிச்சத்தைச் சில விநாடி இமைக்காமல் பார்க்க வேண்டும். நிறம் நிறமாக ஒரு படம் வரும். அது முன்பரப்பின் வளைவை மட்டும் காட்டினால் போதாது. பின்பரப்பையும் தடிமனையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கெரட்டோகோனஸ் பெரும்பாலும் பின்பரப்பில்தான் முதலில் தலைகாட்டும். "பின்பக்க மேடும் பார்த்தீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

கண்ணீர்ப் பரிசோதனைக்கு, வடிதாள் துண்டு ஒன்றை மடித்துக் கீழிமையின் ஓரத்தில் 5 நிமிடம் செருகி வைப்பார்கள். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் நல்லது. 5-க்கும் கீழே நின்றால் கண் ஏற்கெனவே நன்றாக வறண்டிருக்கிறது; அதற்கு முதலில் வைத்தியம் பார்த்துவிட்டு அப்புறம் லேசரைப் பற்றிப் பேசலாம். நாள் முழுக்க ஏசி அறையில் கணினி முன்னால் உட்காருகிறவர்கள் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

இருட்டில் கண்மணி எவ்வளவு விரிகிறது, கண் அழுத்தம் எவ்வளவு, விழித்திரை ஓரத்தில் மெலிவோ ஓட்டையோ உண்டா என்பதையும் பார்ப்பார்கள். ஓட்டை இருந்தால் முதலில் அதைச் சுற்றி வேறொரு லேசரால் வேலி போட்டுவிட்டு, ஆறிய பிறகுதான் பவர் சிகிச்சை.

உங்கள் ரிப்போர்ட்டில் நீங்களே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

மூன்று எண்கள் போதும்: கருவிழியின் மிகக் குறைந்த தடிமன், லேசிக் என்ற வழக்கமான முறையில் கருவிழியின் மேலே வெட்டித் திறக்கும் மடிப்பின் தடிமன், அதன் அடியில் லேசர் எடுக்கப்போகும் திசுவின் ஆழம். 6.5 மில்லிமீட்டர் அகலத்துக்குச் செதுக்கும்போது ஒரு டயாப்டருக்குச் சுமார் 14 மைக்ரான் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் கொஞ்சம் கூடும், குறையும்.

மைனஸ் 5 உள்ள ஒருவருக்குத் தடிமன் 530. மடிப்பு 110, எடுப்பது 70. அடியில் மிஞ்சுவது 350 மைக்ரான். தொட்ட பங்கு 530-இல் 180, அதாவது 34 சதவீதம். நிம்மதியாகச் செய்யலாம்.

இன்னொருவருக்கு மைனஸ் 9, தடிமன் 490. மடிப்பு 110, எடுப்பது 126. மிஞ்சுவது 254. குறைந்தபட்சம் 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி, அதைத் தொட்டுக்கொண்டு தப்பிவிடுகிறார். ஆனால் தொட்ட பங்கு 48 சதவீதம். 40-ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்பது பல மருத்துவர்களின் நிலை. 300 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்று வைத்துக்கொள்கிறவர்களும் நிறைய. இவருக்கு லேசிக் வேண்டாம் என்பதே சரியான பதில். மெலிந்துபோன கருவிழி, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் மாதங்கள், வருடங்கள் கழித்துப் புடைக்கத் தொடங்கும். அதற்கு எக்டேசியா என்று பெயர். கண்ணாடி போட்டாலும் தெளியாத பார்வையில் அது கொண்டுபோய் விடும். லேசிக்கில் வரக்கூடிய துன்பங்களில் இதுதான் ஆக மோசமானது. ஆபரேஷனுக்கு முன்னரே அளந்து தவிர்க்கக்கூடியதும் பெரும்பாலும் இதுதான்.

"உங்களுக்கு இது வேண்டாம்" என்று ஒரு மருத்துவமனை சொன்னால் மனம் உடைந்து, செய்கிறேன் என்று சொல்லும் இடத்தைத் தேடி அலையாதீர்கள். வேண்டாம் என்று சொன்னவர் உங்கள் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறார்.

எந்த முறை

லேசிக்கில் கருவிழியின் மேலே 100 முதல் 120 மைக்ரான் தடிமனில் வட்டமாக ஒரு மடிப்பு வெட்டி, புத்தக அட்டையைப்போல் திறந்து, கீழே எக்சைமர் லேசரால் செதுக்கி, மறுபடி மூடுவார்கள். மடிப்பைப் பிளேடால் வெட்டுவது பழைய முறை. ஃபெம்டோசெகண்ட் லேசரால் வெட்டினால் தடிமன் சீராக வரும். விலை குறைந்த பேக்கேஜ் என்றால் எதனால் வெட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாளே பார்வை தெளியும் என்பது லேசிக்கின் கவர்ச்சி. பலமாக அடிபட்டால் வருடங்கள் கழித்தும் மடிப்பு நகரக்கூடும் என்பது அதன் பலவீனம். கபடி, குத்துச்சண்டை, சிலம்பம் என்று முகத்தில் அடி விழும் விளையாட்டில் இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பிஆர்கே முறையில் மடிப்பே கிடையாது. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு நேரடியாகச் செதுக்குவார்கள். கருவிழி மெல்லியவர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் ஏற்றது. ஆனால் தோல் வளர்ந்து மூட 3 முதல் 5 நாள் ஆகும். அதுவரை கட்டுத்துணிக்குப் பதிலாக ஒரு மென்லென்ஸ் கண்ணிலேயே இருக்கும். முதல் 3 நாள் வலி, கண்ணீர், கூச்சம் நிச்சயம். பார்வை முழுசாகத் தெளிய 1 முதல் 3 மாதம் பிடிக்கும். வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அலைந்தால் கருவிழியில் மங்கல் படியலாம் என்பதால், நம் ஊர் வெயிலில் சில மாதங்களுக்காவது அதைக் கழற்றக் கூடாது.

ஸ்மைல் முறையில் லேசர் கருவிழிக்குள்ளேயே லென்ஸ் போன்ற ஒரு மெல்லிய வில்லையை வெட்டிவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக மருத்துவர் அதைப் பிடுங்கி எடுப்பார். பெரிய மடிப்பு இல்லாததால் நரம்புகள் குறைவாக அறுபடும், வறட்சியும் பொதுவாகக் குறைவு. தூரப்பார்வைக்கு, அதாவது பிளஸ் பவருக்கு, லேசிக்தான் வழக்கம்.

பவர் மிக அதிகமாகவோ கருவிழி மிக மெல்லியதாகவோ இருந்தால், லேசரை விட்டுவிட்டுக் கண்ணுக்குள் ஒரு லென்ஸைப் பொருத்தும் ஐசிஎல் உண்டு. மேலே சொன்ன மைனஸ் 9 காரர் அதைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும். கண்ணின் முன்னறையில் போதிய ஆழம் இருக்கிறதா என்பதை அதற்குத் தனியாக அளப்பார்கள்.

நாற்பதை நெருங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தூரப் பவரை முழுசாக எடுத்துவிட்டால் செய்தித்தாள் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். வெள்ளெழுத்தை லேசிக் தடுக்காது. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைக்கும் மோனோவிஷன் உண்டு. அதைக் கான்டாக்ட் லென்ஸ் போட்டுச் சில நாள் பழகிப் பார்க்காமல் லேசருக்குச் சம்மதிக்காதீர்கள்.

பணமும் வேலையும்

இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் 7.5 டயாப்டருக்குக் கீழான பார்வைக் குறைவுக்கான சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு மேல் இருந்தால் பவர் எழுதிய சீட்டோடு முன்கூட்டியே கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். மருத்துவமனையிடம் கேட்க வேண்டியவை: சொன்ன தொகை இரண்டு கண்ணுக்குமா, பரிசோதனையும் சொட்டு மருந்தும் பின்வருகைகளும் அதில் அடக்கமா, பவர் மிஞ்சினால் மறுசிகிச்சைக்கு எத்தனை நாள் வரை கட்டணம் இல்லை.

ராணுவம், காவல்துறை, ரயில்வே வேலைக்குத் தயாராகிறவர்கள், ஆபரேஷனுக்கு முன்பே அந்தப் பதவிக்கான அறிவிப்பில் கண் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். லேசர் செய்த கண்ணை ஏற்காத பதவிகளும், குறிப்பிட்ட வயதுக்குப் பிறகு செய்திருந்தால் மட்டும் ஏற்கும் பதவிகளும் உண்டு.

ஆபரேஷன் நாள்

தலைக்குக் குளித்துவிட்டுப் போங்கள். சில நாளைக்கு இனி முடியாது. மை, பவுடர், சென்ட் எதுவும் வேண்டாம். சென்ட்டின் ஆவி லேசரின் அளவைக் கெடுக்கும், மைத்தூள் மடிப்புக்கடியில் சிக்கும். வழக்கமாகச் சாப்பிடலாம்; மயக்க ஊசி கிடையாது, மரத்துப்போகச் சொட்டு மருந்து மட்டும்தான். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போட்டுக்கொண்டால் வீட்டில் கண்ணில் உரசாமல் கழற்றலாம்.

இமைகள் மூடாமல் இருக்க ஒரு சிறு கம்பிக் கவ்வி. இமைத்துவிடுவோமோ என்ற பயம் அதோடு தீர்ந்தது. பிறகு கண்ணின் மேல் ஒரு வளையம் வந்து உறிஞ்சிப் பிடிக்கும். நல்ல அழுத்தம் தெரியும், பார்வை மங்கி இருட்டும். மடிப்பை வெட்டும் அந்தச் சுமார் 20 விநாடியில்தான் எல்லோரும் திடுக்கிடுவது. முன்பே தெரிந்தால் பயமில்லை. அப்போது தலையை அசைத்தால் பிடி விட்டுப்போய் வேலையை நிறுத்த நேரும். ஸ்மைலில் இந்தப் பிடி இன்னும் சில விநாடி நீளும்.

மடிப்பைத் திறந்ததும் எல்லாம் தண்ணீருக்கடியில் பார்ப்பதுபோல் கலங்கும். நடுவில் மின்னும் விளக்கையே பாருங்கள். கண் கொஞ்சம் அசைந்தால் இயந்திரம் கூடவே நகரும், ரொம்ப விலகினால் தானாக நின்றுவிடும். டக் டக் என்று சத்தம் கேட்கும், முடி கருகுவதுபோல் ஒரு வாடை வரும். எதுவும் எரிவதில்லை. 193 நானோமீட்டர் அலைநீளப் புறஊதா ஒளி திசுவின் மூலக்கூறுப் பிணைப்புகளை உடைத்துத் தூவிவிடுகிறது, சுற்றியுள்ள இடம் சூடாவதில்லை. 1981-இல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சித் துண்டில் இதைச் செய்து பார்த்த குழுவில் இருந்தவர், சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். இன்று உலகெங்கும் நடக்கும் லேசிக்குக்கு அந்தச் சுத்தமான வெட்டுதான் அடிப்படை.

முதல் இரவும் முதல் வாரமும்

மரத்தது தெளிந்ததும் 4 முதல் 6 மணி நேரம் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், நீர் கொட்டும். வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடித் தூங்குவதுதான் மருந்து. இரவில் பிளாஸ்டிக் மூடியைக் கண்மேல் ஒட்டிக்கொண்டே படுங்கள், குறைந்தது ஒரு வாரம். தூக்கத்தில் கை தானாகப் போய்க் கசக்கும். மடிப்பு சுருங்கினால் மறுபடி திறந்து நீவிவிட நேரும்.

சொட்டு மருந்து மூன்று வகை வழக்கம்: கிருமிக்கொல்லி, ஸ்டீராய்டு, செயற்கைக் கண்ணீர். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மிளகாய் அரிந்த கை என்றால் வேறு யாரையாவது விடச் சொல்லுங்கள். கீழிமையை லேசாக இழுத்து, புட்டியின் மூக்கு எங்கும் படாமல் ஒரே ஒரு சொட்டு. ஒரு நிமிடம் கண் மூடல். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி, இல்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும்.

ஸ்டீராய்டைச் சீட்டில் எழுதியபடி குறைத்து நிறுத்துங்கள். கண் சிவக்கும்போதெல்லாம் மருந்துக்கடையில் அதையே கேட்டு வாங்கிப் போடும் பழக்கம் கண் அழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பைக் கெடுக்கும். விளக்கெண்ணெய், தாய்ப்பால், பன்னீர், தேன் எதையும் வீட்டில் யார் சொன்னாலும் கண்ணில் விடக் கூடாது.

ஒரு வாரம் தலைக்கு ஊற்ற வேண்டாம். முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். தாளிக்கும் புகை, சாம்பிராணி, ஹோமம் ஆகியவற்றிலிருந்து விலகி இருங்கள். திருநீறை நெற்றியில் தூவிப் பூசும்போது கண்ணில் உதிரும். சில நாளைக்கு நனைத்து இடலாம். இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்தாலும் கண்ணாடி மூடிய ஹெல்மெட் வேண்டும். மை 2 வாரம், நீச்சலும் கிணற்றுக் குளியலும் ஒரு மாதம் வேண்டாம். போன், கணினி மறுநாளே பார்க்கலாம், ஆனால் இமைக்க மறந்து வெறித்துப் பார்ப்பதுதான் கண்ணை வறளவைக்கும்.

மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று பின்வருகைகள் இருக்கும். மறுநாள் வருகையைத் தவறவிடவே கூடாது. மடிப்பு இருக்கும் இடமும் அடியில் தொடங்கும் அழற்சியும், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் டாக்டரின் விளக்குக் கருவியில்தான் தெரியும். அந்த அழற்சி முதல் சில நாளிலேயே வரும், வலிக்காமலும் வரலாம். டாக்டர் உடனே ஸ்டீராய்டைக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வலி குறைவதற்குப் பதில் கூடினால், தெளிந்த பார்வை மறுபடி மங்கினால், சிவப்பும் பீளையும் சேர்ந்து வந்தால், கண்ணில் கைபட்டோ குழந்தையின் விரல் பட்டோ திடீரென்று கலங்கினால், அன்றைக்கே போங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளிப்போட வேண்டாம்.

மூன்று மாதம் வரை

வறட்சி கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும். வெட்டில் அறுந்த நரம்புகள்தான் கண் காய்ந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்பவை. அவை மறுபடி வளரும் வரை கண்ணீர் குறைவாகவே சுரக்கும். பாதுகாப்பு ரசாயனம் கலக்காத செயற்கைக் கண்ணீரைத் தாராளமாக விடலாம். பெரும்பாலோருக்கு 3 முதல் 6 மாதத்தில் குறையும், சிலருக்கு ஒரு வருடமும் நீளும், மிகச் சிலருக்கு நிலைத்தும் விடும். அந்தச் சிலரில் நாமும் ஒருவராக இருக்கலாம் என்பதை மனதில் வைத்துத்தான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும்.

இரவில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வளையமோ கதிரோ தெரியும். பெரிய கண்மணி, அதிக பவர் உள்ளவர்களுக்கு இது கூடுதல். முதல் சில வாரங்கள் இரவில் நெடுஞ்சாலையில் ஓட்டாமல் இருப்பது நல்லது. பவர் கொஞ்சம் மிஞ்சினால் பதறாதீர்கள். அது நிலைத்த பிறகு, குறைந்தது 3 மாதம் கழித்து, கருவிழியில் தடிமன் மீதியிருந்தால் மட்டும் மறுசிகிச்சை.

பத்திரப்படுத்த வேண்டிய தாள்

ஆபரேஷனுக்கு முந்தைய பவர், கருவிழி வளைவின் அளவு, தடிமன், எடுத்த திசுவின் ஆழம், ஆபரேஷனுக்குப் பின் நிலைத்த பவர், இவ்வளவும் உள்ள ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். 25, 30 வருடம் கழித்துக் கண்புரை வரும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். லேசர் பட்ட கருவிழி அந்தக் கணக்கை ஏமாற்றும். கண் அழுத்தமும் இனி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும், ஆகவே எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும் லேசர் செய்ததை முதலில் சொல்லுங்கள். தாளைப் படமெடுத்துப் போனில் வைத்துக்கொண்டு, அசலை வீட்டுப் பத்திரம் இருக்கும் கோப்பிலேயே போட்டுவையுங்கள்.